கட்டாத வரிக்கு ரசீது

1

நேற்று இங்கே வெளிநாட்டில், எங்கள் டவுன் ஆபீஸ் கவுண்டரில் ஒரு காரியம் செய்தேன். கவுண்டரில் இருந்த பெண்மணி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லையாம்.

"இந்தத் தவணைக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வயதான வீட்டுக்காரர்களுக்கான வரிச் சலுகையில் உங்கள் பெயர் சேர்ந்துவிட்டது, வாழ்த்துகள்" என்றாள். நான் நகரவில்லை. சரிம்மா, அதற்கு ஒரு ரசீது கொடு என்றேன்.

"எதற்கு ரசீது? நீங்கள்தான் எதுவும் கட்டவில்லையே."

"கட்டவில்லை என்பதற்குத்தான். என் பெயர், வீட்டு விலாசம், ஒரு சீல்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். பின்னால் நின்றவன் பெருமூச்சு விட்டான், விடட்டும். கடைசியில் கம்ப்யூட்டரில் இருந்ததை அச்செடுத்து, தேதி முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்திக் கொடுத்தாள். காருக்குள் வந்து உட்கார்ந்து என் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். விஷயத்தைக் கேட்ட என் மனைவி மல்லிகா, "உங்களுக்குக் கள்ளக்குறிச்சி முத்திப் போச்சு" என்றாள். நான் கள்ளக்குறிச்சிக்காரன், அவள் கடலூர்க்காரி, பேசுவாள்.

ஊரில் இருக்கிற நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவள் மார்கரெட். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவள், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருஷம் ஒரு சாயங்காலம் கையில் அட்டையும் பேனாவுமாக வந்து கதவைத் தட்டினாள். அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்களைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு அபிப்பிராயம் உண்டு. கதவைப் பாதி திறந்து, "மனைவி வீட்டில் இல்லை, அப்புறம் வாருங்கள்" என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த மல்லிகா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மார்கரெட் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று போனாள், சொன்னபடியே வந்தாள்.

கடனெல்லாம் அடைத்து முடித்த வீடு. ஆனால் வருஷா வருஷம் வரி ஏறுகிறது, பென்ஷன் ஏறவில்லை. சொந்த வீட்டுக்கே வாடகை கொடுக்கிற மாதிரி இருக்கிறது, வயதானவர்களுக்கு மட்டுமாவது குறைக்கச் சொல்லி மனு போடுகிறேன் என்றாள். அவள் சொன்னது எனக்கும் பொருந்தும். நானும் வேலையை விட்டாகிவிட்டது, எங்கள் ஒரே மகள் செல்வி நாட்டின் அந்தக் கோடியில் இருந்துகொண்டு, "வித்துட்டு சின்ன அபார்ட்மென்ட் பாருங்கப்பா" என்று மாதம் ஒருமுறை சொல்கிறாள். ஆனாலும் நான் மார்கரெட்டின் தாளை வாங்கி, பின்பக்கம் வேறு ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். வெறும் தாள்தான். எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றேன், கொடுத்தாள். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அவளோடு நானும் கதவு தட்டப் போனேன். பழகிவிட்டால் அதில் ஒரு ருசி இருக்கிறது. கவுன்சில் கூட்டத்தில் பேசக்கூடச் செய்தேன். மார்கரெட்டின் கணவர் காலமான கதையைச் சொல்லும்போது, நம் ஊர் இங்கிலீஷில் "எக்ஸ்பையர்" ஆகிவிட்டார் என்று சொல்லித் தொலைத்தேன். இங்கே அது பால் பாக்கெட்டுக்கும் மாத்திரைக்கும் மட்டும் சொல்கிற வார்த்தை. மேடையில் இருந்த ஐந்து பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார்கள். வெளியே வந்ததும் மார்கரெட், "கவலைப்படாதே, அந்த மனுஷன் தேதி தாண்டி ரொம்ப நாள் ஓடினவர்தான்" என்றாள்.

3

கவுன்சில் சலுகைக்குச் சம்மதித்தது, என் தலையில் கொஞ்சம் கனம் ஏறியது. ஏறினால் உடனே ஊர் ஞாபகம் வரும். ஊர் என்றால் எனக்கு இப்போது மிச்சமிருப்பது சின்னம்மா மட்டும்தான்.

கமலவேணி சின்னம்மா, என் அம்மாவின் தங்கை. கள்ளக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள். சித்தப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. சித்தப்பாவின் அண்ணன் மகன் ஏழுமலைதான் பார்த்துக்கொள்கிறான். கல்வராயன் மலையில் சாமையும் புளியும் வாங்கி வந்து கள்ளக்குறிச்சிக் கடைகளுக்குப் போடுகிறவன், சொந்தமாகவும் ஒரு சின்னக் கடை உண்டு. சின்னம்மாவுக்கு சிலிண்டர் வந்தால் உள்ளே தூக்கி வைப்பது, சர்க்கரை டெஸ்டுக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது எல்லாம் அவன். அவன்தான் ஒரு நாள் போனில், "வூட்டு வரி ஜாஸ்தியாயிடுச்சிண்ணா, சித்தி பொலம்பிக்கினே கீறாங்க" என்றான்.

குளிர்கால லீவுக்கு செல்வி வந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, அதுக்கென்ன, நம்பர் இருந்தா நானே கட்டிடறேன் என்றாள். ஏழுமலையிடம் வேறு ஏதோ காரணம் சொல்லி வரி நம்பர் வாங்கினேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே, அவள் கார்டிலேயே கட்டி முடித்தாள். எனக்கு ஒரே பெருமை. பார்த்தும் பேசியும் இராத ஒரு கிழவிக்குச் செய்கிறாளே என் பெண் என்று. சின்னம்மாவிடம் சொல்லவில்லை. தானாகத் தெரிந்து சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளிநாட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

4

ஏழுமலை மறுபடி கூப்பிட்டபோது அவன் குரலே சரியில்லை.

"அண்ணா, சித்தி என்ன வூட்டுப் பக்கமே வராதன்னுட்டாங்க."

நடந்தது இதுதான். சின்னம்மா எப்போதும்போல் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு வரி கட்டப் போயிருக்கிறாள். கவுண்டரில், "கட்டியாச்சும்மா, போங்க" என்றிருக்கிறார்கள். யார் கட்டினது? ஆன்லைனில் வந்திருக்குது, அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. சின்னம்மா நேராக ஏழுமலை கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க, "உங்கப்பன் கேஸ் போட்டுப் பாத்தான், நீ காசு கட்டிப் பாக்கறியா" என்று கேட்டுவிட்டாள்.

கேஸ் போட்டது உண்மை. அந்த மனை ஏழுமலையின் தாத்தா வாங்கினது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. சித்தப்பா போனதும் ஏழுமலையின் அப்பா, வீடு என் பங்கு என்று வந்து நின்றார். சின்னம்மா தன் பெயரில் வரி கட்டின ரசீதுகளைத்தான் கோர்ட்டில் அடுக்கினாள். ரசீது மட்டும் பத்தாது என்று வக்கீலே சொன்னாராம், அது அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் ராசியாகப் போய், வீடு அவளிடமே நின்றது. ரசீதுதான் வீட்டைக் காப்பாற்றியது என்பது அவள் கணக்கு. அவள் மட்டுமல்ல, நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் கணக்கு அதுதான். அடுத்தவன் வீட்டு வரியை ஒருவன் கட்டினான் என்றால் அவனுக்கு அந்த வீட்டின் மேல் கண் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

உடனே சின்னம்மாவைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

"சின்னம்மா, ஏழுமலை மேல தப்பில்ல. கட்டினது நாந்தான். செல்வி கார்டுல கட்டினோம்."

 டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"உம் பொண்ணுக்கு எவ்வூட்டு மேல இன்னா?"

"ஒண்ணும் இல்ல சின்னம்மா, ஒத்தாசைக்கு..."

"நான் கேட்டனா? வரி நம்பர உனுக்கு குடுத்தவன் அவன்தான?"

அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. "சரிங்க. வெச்சிடறேங்க." நான் பிறந்த நாளிலிருந்து டேய் என்று கூப்பிட்டவள்.

5

தை மாதம் கிளம்பிப் போனேன். மல்லிகா வரவில்லை, நீங்க போட்ட முடிச்ச நீங்களே அவுத்துட்டு வாங்க என்றாள். சென்னையிலிருந்து வந்த வண்டி உளுந்தூர்பேட்டையில் டீக்கு நின்றபோது, சின்னம்மாவிடம் முதலில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை பார்த்துப் பேச வேண்டிய இடமா அது.

சின்னம்மா வாசலுக்கு வந்து, "வாங்க, பிரயாணமெல்லாம் நல்லபடியா இருந்திச்சிங்களா" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். என்றைக்கு எனக்கு நாற்காலி போட்டாள்? வீட்டைப் படம் பிடித்து மல்லிகாவுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். "போட்டோ எதுக்குங்க?" என்றாள். போனைப் பைக்குள் வைத்தேன்.

நானும் சும்மா வரவில்லை. மார்கரெட்டின் மனுவைப் பார்த்துத் தமிழில் ஒன்று எழுதி அச்சடித்துக் கொண்டுவந்திருந்தேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்கள் குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு வரி கட்ட வேண்டாம், முழுத் தள்ளுபடி தர வேண்டும் என்று மனு. சின்னம்மாவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. தெருவில் கையெழுத்து வாங்கப் போனேன். எல்லா வீட்டிலும் உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள், என் பிள்ளைகுட்டிகளை விசாரித்தார்கள். பேனாவை எடுத்தால் மட்டும் யாருக்கோ போன் வந்தது, யாரோ உள்ளே கூப்பிட்டார்கள்.

எதிர்வீட்டு ரிடையர்டு கண்டக்டர்தான் வாயைத் திறந்து சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சின்னம்மா வூட்டு வரிய நீங்க கட்டிட்டீங்கன்னு தெருவுக்கே தெரியும். இப்ப எங்க வரியெல்லாம் வாணான்னு எழுதி எடுத்தாந்துகீறீங்க. வரி இல்லன்னா ரசீது ஏது? ரசீது இல்லன்னா நாளைக்கு வூடு யாருதுன்னு எவனாச்சும் கேட்டா, நான் இன்னாத்த காட்டறது?"

"சலுகைன்னு அரசாங்கமே எழுதித் தருமே."

"தருவாங்க. அது யாரு பேர்ல தருவாங்க?"

 அவருடைய காபியைக் குடித்துவிட்டு வந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து மார்கரெட்டை நான் எப்படிப் பார்த்தேனோ, அதே கண்கள் எல்லா வீட்டிலும் இருந்தன. கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

6

மறுநாள் ஏழுமலை மலைக்குப் போக வண்டி எடுத்தான். நீங்களும் வாங்கண்ணா, மேல வயசானவங்க நெறைய பேர் கீறாங்க, அங்க கேட்டுப் பாருங்க என்றான். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அவன் தானாகப் பேசினான்.

"எங்கப்பா பண்ணது தப்புதாண்ணா. நான் அப்பவே சொன்னேன். அந்த வூட்ட எனக்குக் குடுத்தாக்கூட வாணாம். ஆனா கடைல வெச்சி கேட்டாங்க பாருங்க, அத்தான் தாங்க முடியல. மாத்திர வாங்கி வெச்சிகீறேன், கொண்டுபோய்க் குடுக்க முடியல."

"யார்கிட்டயாவது குடுத்து அனுப்பலாமே."

"அனுப்பினேன். நான் குடுத்ததுன்னு தெரிஞ்சி திருப்பி அனுப்பிட்டாங்க. பழசு தீந்து மூணு நாளாவுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னம்மா மூன்று நாளாகச் சர்க்கரை மாத்திரை போடவில்லை, எனக்கும் சொல்லவில்லை. வீடு போய்விடுமோ என்ற பயத்தில், துணைக்கு இருக்கிற ஒரே ஆளையும் விரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். விரட்ட வைத்தவன் நான்.

மேலே வெள்ளச்சி என்று ஒரு வயதான பெண்மணி, முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலையிடம் வழக்கமாகச் சரக்கு போடுகிறவள். என் மனுவை ஏழுமலை படித்துக் காட்டினான். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரி வாணான்னு எழுதிகீதா?"

"ஆமாம்மா. வயசானவங்க கட்ட வேணாம்னு."

"எங்களுக்கு வரியே போடலையே. எடம் யாருதுன்னு இன்னும் முடிவாவலயாம், அதனால வூட்டுக்கு வரி போடமுடியாதாம். நாங்க எத்தினி வாட்டி மனு குடுத்துகீறோம், வரி போடுங்க போடுங்கன்னு. நீங்க வந்து வாணான்றீங்க. நீங்க யாரு பக்கம்?"

ஏழுமலை சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். நான் சிரிக்கவில்லை. வரி போடச் சொல்லி எழுதி எடுத்துட்டு வாங்க, முதல் கைநாட்டு நாந்தான் வெப்பேன் என்று சொல்லிவிட்டு வெள்ளச்சி முறத்தை எடுத்துக்கொண்டாள்.  கீழே வந்ததும் என்னிடமிருந்த அத்தனை தாளையும் அவன் கடையில் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டேன்.

7

அன்று சாயங்காலம் சின்னம்மாவிடம் போய் நேராகச் சொன்னேன். "நான் கட்டினது தப்பு சின்னம்மா. அடுத்த அரையாண்டு வரிய நாளைக்கே நீ போய்க் கட்டு. உன் காசு, உன் கை. நானும் வரேன், ஏழுமலையும் வரட்டும்."

"அவன் எதுக்கு?"

"நீ கட்டறத அவன் பாக்கட்டும்."

அது அவளுக்குப் பிடித்துவிட்டது. எதிராளி பார்க்கக் கட்டுவது என்றால் சும்மாவா.

மறுநாள் மூன்று பேரும் போனோம். சின்னம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், வரி கட்ட. எங்கள் இரண்டு பேரையும் வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, வரிசையில் தானே நின்றாள். போன தடவை ஆன்லைனில் கட்டினதற்கும் அச்செடுத்து வாங்கினாள். இரண்டு ரசீதையும் எடுத்துக்கொண்டு வந்தவள் என்னைத் தாண்டிப் போய் ஏழுமலை எதிரில் நின்றாள்.

"பேர படி."

ஏழுமலை படித்தான். "ரா. கமலவேணி."

"எனுக்கு காது கேக்கல."

"ரா. கமலவேணி." வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணையும் படி."

அதையும் படித்தான்.  சின்னம்மா ரசீதுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "மாத்திர எங்க?" என்று கேட்டாள். அத்தனை நாளும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான் போலிருக்கிறது, எடுத்துக் கொடுத்தான். "வண்டிய எடு, வெயிலா கீது" என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "நீங்க ஆட்டோவுல வந்துடுங்க" என்றாள். எனக்கு மன்னிப்பு இன்னும் வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் புது மனு ஒன்று எழுதினோம். எழுதினது நான், சொன்னது அவள். "தள்ளுபடின்னு போடாதீங்க. வயசானவங்களுக்கு கம்மி பண்ணுங்கன்னு போடுங்க. எவ்ளோ கம்மியானாலும் நாங்க கட்டுவோம்னு போடுங்க. ரசீது எங்க பேர்ல, எங்க கையில குடுக்கணும்னு போடுங்க." தாளின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒரு ஜெராக்ஸ் தனக்கு வேண்டும் என்றாள். காலையில் எதிர்வீட்டுக் கண்டக்டர் போட்டார், அப்புறம் தெருவே போட்டது. மனுவைக் கொடுத்து முத்திரையும் வாங்கியாகிவிட்டது. பரிசீலனையில் இருக்கிறதாம். எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன், சிரித்தார்கள்.

8

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்று காலை போன் வந்தது. ஏழுமலை நம்பர். எடுத்தால் சின்னம்மா. ஊரிலிருந்து நான் திரும்பி வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, அவளாக ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"டேய்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"டேய், கேக்குதா? இந்த அரையாண்டு வரிய கட்டிட்டு வந்துட்டேன். நீ ஒண்ணும் கட்டலியே?"

"கட்டல சின்னம்மா."

"உம் பொண்ணு?"

"அவளும் கட்டல."

"நீ சொல்லுவ. கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லு."

திறந்து பார்த்தேன். "பாத்துட்டேன். நீ கட்டினதுதான் ஏறியிருக்கு."

"பேர படி."

"ரா. கமலவேணி."

பக்கத்தில் ஏழுமலை சிரிக்கிற சத்தம் கேட்டது. அவனை ஒரு அதட்டல் போட்டுவிட்டு, "எனுக்கு காது கேக்கல" என்றாள்.

மல்லிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் படித்தேன்.